லோட் டெஸ்ட்: கூட்டம் வருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சேலைக் கடை வைத்திருப்பவர் இணையத்திலும் விற்கிறார். ஜார்ஜ்டவுனில் ஒரு குழு கலை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கிறது. பாயான் லெப்பாசில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வார இறுதிகளில் ஒரு கோயில் மண்டபத்தின் முன்பதிவுத் தளத்தைக் கவனித்துக்கொள்கிறார். லோட் டெஸ்ட் என்பது ஒரு கருவியின் மூலம் போலிப் பயனர்களைத் தளத்துக்கு அனுப்பி, கூட்டத்தை அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது. அதைப் பற்றி இப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்: கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சி, சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு டிக்கெட் விற்பனை தொடங்குகிறது. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

தளம் நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு எதற்கு லோட் டெஸ்ட்?

சாதாரண நாளில் ஓடுகிறது. நாள் முழுக்கப் பரவி வரும் இரண்டாயிரம் பேரும் ஒரே நிமிடத்தில் வரும் இரண்டாயிரம் பேரும் செர்வருக்கு ஒன்றல்ல. 2021 மே மாதம் மலேசியாவில் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு நண்பகல் 12 மணிக்கு முன்பதிவு திறந்தது பலருக்கு நினைவிருக்கும். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. பக்கம் திறக்கவே இல்லை என்று புலம்பியவர்களும் உண்டு. நம் ஊரில் பாதி விஷயங்கள் இப்படிக் குறித்த நேரத்தில்தான் திறக்கின்றன. பண்டிகைக் கால ரயில் டிக்கெட், நள்ளிரவு 11.11 மலிவு விற்பனை, தேர்வு முடிவு எல்லாம் அப்படித்தான். வாட்சாப் குழுவில் லிங்க் விழுந்த அடுத்த நிமிடம் குடும்பமே உள்ளே வந்துவிடும்.

எங்கள் தளம் ஆயிரம் பேரைத் தாங்குமா? அதை மட்டும் சொன்னால் போதும்.

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆயிரம் வேண்டாம், நூறு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 200 மில்லி நொடியில் பதில் தருகிறது. ஸ்கிரிப்டில், அதாவது போலிப் பயனர் என்னென்ன செய்ய வேண்டும் என்று கருவிக்கு எழுதிக் கொடுப்பதில், இடைவெளியே வைக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு போலிப் பயனரும் நொடிக்கு 5 கோரிக்கை அனுப்புவார், அதாவது ஐந்து முறை பக்கத்தைக் கேட்பார். நூறு பேருக்கு நொடிக்கு 500. அதே நூறு பேர் மனிதர்களைப்போல ஒரு பக்கத்தைப் படித்து, விலையைப் பார்த்து, 'எந்த வரிசை வேணும்?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, சராசரியாக 20 நொடிக்குப் பிறகு அடுத்த பட்டனை அழுத்தினால் நொடிக்கு 5 கோரிக்கைதான். இரண்டும் நூறு பேர்தான். வித்தியாசம் நூறு மடங்கு.

அதனால் "ஆயிரம் பயனர்களை வைத்து டெஸ்ட் செய்தோம்" என்று யாராவது அறிக்கை கொடுத்தால், ஒவ்வொருவரும் இரண்டு கிளிக்குக்கு நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த ஆயிரத்துக்கு மதிப்பில்லை.

சரி, எவ்வளவு கூட்டம் அனுப்புவது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

உங்கள் செர்வரின் அக்சஸ் லாக்கில், அதாவது யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று அது எழுதிவைக்கும் பதிவில்தான் விடை இருக்கிறது. போன முறை விற்பனை நடந்த நாளை எடுங்கள். மணிக்கணக்கில் கூட்டிப் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு நிமிடம் பிரியுங்கள். 12 மணியிலிருந்து 1 மணி வரை வந்த கூட்டத்தை அறுபதால் வகுத்தால் 12:00க்கும் 12:03க்கும் நடுவே நடந்த ரகளை மறைந்துபோகும். இன்னொன்று: பல செர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நமக்கு 8 மணி நேர வித்தியாசம், ஆக நம் நண்பகல் 12 அங்கே விடிகாலை 4 மணியாகப் பதிவாகியிருக்கும். "நண்பகலில் கூட்டமே இல்லையே" என்று யாராவது குழம்பினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

உச்ச நிமிடத்தில் 1,200 பேர் புதிதாக வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 20 பேர். ஒருவர் சராசரியாக 3 நிமிடம், அதாவது 180 நொடி தங்குகிறார். 20ஐ 180ஆல் பெருக்கினால் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 3,600 பேர். இது லிட்டில் விதி எனப்படுகிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. இந்தப் பெருக்கலில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த படிதான். தளம் மெதுவாகி, மூன்று நிமிட வேலைக்கு ஐந்து நிமிடம் பிடித்தால், வருகிறவர்கள் அதே 20 பேராக இருந்தும் உள்ளே இருப்பவர்கள் 6,000 ஆகிவிடுவார்கள். கூடுதலாக ஒருவரும் வராமலேயே கூட்டம் பெருகுகிறது. தளம் படுப்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

போன முறை லாக் இல்லாத புதுத் தளமென்றால்? மண்டபத்தில் எத்தனை இருக்கை, எத்தனை குழுக்களில் விளம்பரம் போகிறது என்பதை வைத்து ஓர் ஊகம் செய்யுங்கள். அதை மூன்று மடங்காக்கியும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

மனிதர்கள் நடந்துகொள்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

முகப்பு, நிகழ்ச்சி, இருக்கை, கட்டணம், ரசீது என்று எல்லாரையும் ஒரே நேர்கோட்டில் அழைத்துப்போகும் ஸ்கிரிப்டைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்படி யாரும் நடப்பதில்லை. பெரும்பாலோர் விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் இருக்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'அண்ணனுக்கும் எடுக்கணுமா?' என்று போன் போட்டுக் கேட்பார்கள். அதுவரை அந்த இருக்கை பூட்டியே கிடக்கும். விற்பனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் ஒரு கூட்டம். வீட்டுக்கு மூன்று கைபேசி, ஒரு லேப்டாப், எல்லாவற்றிலும் ஒரே தளம்.

லாக்கிலிருந்து இந்த விகிதங்களை எடுத்து ஸ்கிரிப்டில் போடுங்கள். இடைவெளி நேரத்தை எல்லாருக்கும் ஒரே 20 நொடி என்று வைக்க வேண்டாம். சிலருக்கு 3, சிலருக்கு 90 என்று பரவட்டும். எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தால் போலிப் பயனர்கள் அணிவகுப்பு மாதிரி சேர்ந்து சேர்ந்து வந்து அடிப்பார்கள்.

பொறுமையிழப்பதையும் எழுதிச் சேருங்கள். எட்டு நொடி காத்தும் பக்கம் வராவிட்டால் ஒரு பகுதியினர் மறுபடி ரிஃப்ரெஷ் செய்வார்கள். அவர்கள் கைவிட்ட பழைய கோரிக்கையைப் பல அப்ளிகேஷன்கள் நிறுத்துவதில்லை. கேட்க ஆளில்லாத பதிலை டேட்டாபேஸ் தயாரித்துக்கொண்டே இருக்கும். விற்பனை நாளில் ஆளைக் கொல்வது இந்த இரட்டை வேலைதான்.

டெஸ்ட் முழுக்கப் பச்சை. விற்பனை நாளில் படுத்துவிட்டது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் பலவாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது கருவி கூட்டத்தை அனுப்பிய விதத்தை.

பழக்கமான முறையில் நூறு போலிப் பயனர்களை வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்பார்கள். செர்வர் திணறி ஒவ்வொரு பதிலுக்கும் 10 நொடி எடுத்தால் நூறு பேரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்; கோரிக்கை நொடிக்கு 10ஆகக் குறைந்துவிடும். செர்வர் களைத்ததும் கூட்டமே விலகி வழிவிடுகிறது! உண்மையான கூட்டத்துக்கு அந்தக் கருணை கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நொடிக்கு 20 பேர் வந்துகொண்டேதான் இருப்பார்கள். முதலாவதை மூடிய மாதிரி என்றும் இரண்டாவதைத் திறந்த மாதிரி என்றும் சொல்வார்கள். பொதுமக்கள் வரும் தளத்துக்குத் திறந்த மாதிரிதான் பொருந்தும். அலுவலகத்துக்குள் ஐம்பது பேர் மட்டும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு மூடிய மாதிரி போதும்.

மூடிய மாதிரி அளவையும் திரிக்கிறது. ஒரு போலிப் பயனர் நொடிக்கு ஒரு கோரிக்கை வீதம் ஒரு நிமிடம் அனுப்புகிறார் என்று வையுங்கள். நடுவில் 30 நொடி செர்வர் உறைந்துவிடுகிறது. அவர் கணக்கில் 30 நல்ல பதில், 30 நொடி எடுத்த கெட்ட பதில் ஒன்று. மொத்தம் 31இல் ஒன்றுதான் கெட்டது, நூற்றுக்கு மூன்றுதானே என்று அறிக்கை சொல்லும். உண்மையில் அந்த 30 நொடியில் நொடிக்கு ஒருவராக வந்திருக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் மாட்டியிருப்பார்கள்: முதல் ஆள் 30 நொடி, அடுத்தவர் 29, அதற்கடுத்தவர் 28. பாதிப் பேருக்கு மோசமான அனுபவம். கில் டேனே என்ற பொறியாளர் இந்தக் கோளாறைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தவரும் அவரே.

எந்தக் கருவியை எடுப்பது?

உங்கள் குழுவுக்கு எந்த மொழி கைவந்ததோ அதற்கேற்றது. ஜேமீட்டர் 1998இலிருந்து இருக்கிறது, ஜாவாவில் எழுதப்பட்டது. திரையில் தெரியும் அதன் ஜன்னலைத் திறந்துவைத்தபடி பெரிய டெஸ்ட் ஓட்டாதீர்கள். ஸ்கிரிப்ட் எழுத ஜன்னல், ஓட்டுவதற்குக் கமாண்ட் லைன். கே6க்கு ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், லோக்கஸ்டுக்குப் பைத்தானில். கேட்லிங்கும் நல்ல கருவிதான். திறந்த மாதிரி வேண்டுமென்றால் கே6இல் வருகை வீதத்தைக் குறித்துக் கொடுக்கும் எக்சிக்யூட்டர்கள் (ஓட்டும் முறைகள்) உண்டு, கேட்லிங்கிலும் வசதி உண்டு, ஜேமீட்டரில் 5.5ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்றே ஒரு திரெட் குரூப் (போலிப் பயனர்களை அமைக்கும் பகுதி) சேர்த்திருக்கிறார்கள். லோக்கஸ்ட் இயல்பில் மூடிய மாதிரி.

கே6இல் ஒன்றைக் கவனியுங்கள். போதுமான போலிப் பயனர்களை ஒதுக்காவிட்டால் அது சில சுற்றுகளை அனுப்பாமலே விட்டுவிட்டு, விட்ட எண்ணிக்கையை முடிவில் காட்டும். அந்த எண் பூஜ்யம் இல்லையென்றால் நீங்கள் கேட்ட கூட்டம் போகவே இல்லை.

உண்மையான வாடிக்கையாளர் பட்டியலையே டெஸ்டுக்குப் போடலாமா?

வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டெஸ்ட் செர்வருக்கு யாரும் அவ்வளவு காவல் போடுவதில்லை. போலித் தரவு செய்யுங்கள், ஆனால் நம் ஊர் முகம் அதில் தெரிய வேண்டும். அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. இஷ்டத்துக்கு எண் உருவாக்கினால் அது எங்கோ ஒருவருடைய மெய்யான எண்ணாகிவிடக் கூடும், அதனால் யாருக்கும் தரப்படாத இடக் குறியீட்டைப் போடுங்கள்.

பெயரும் அப்படித்தான். நம் பெயர்களின் நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கிறது. அந்தச் சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் அப்படியே சேர்த்து ரசீது பிடிஎஃப் செய்யும் தளத்தில், செர்வர் அதைப் போல்டர் என்று நினைத்துக்கொண்டு பிழை தரும். வெளிநாட்டிலிருந்து எடுத்த மாதிரித் தரவில் இந்தப் பிழை ஒருபோதும் தலைகாட்டாது. தேடல் பெட்டியில் தமிழிலும் தட்டுவார்கள். 'தீபாவளி' என்ற சொல் யூனிகோடில் 7 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். லிங்கில் குறிமாற்றம் ஆகிப் போகும்போது 63 எழுத்துகளாகிவிடும்.

எந்தப் பொருளைக் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். எல்லாப் போலிப் பயனர்களும் ஒரே நிகழ்ச்சியைத் திறந்தால், ஏற்கெனவே கேட்டதன் பதிலை எடுத்துவைத்திருக்கும் கேஷே பதில் சொல்லிவிடும், டேட்டாபேஸ் தூங்கும். பத்தாயிரம் பொருளிலிருந்து சமமாகப் பிரித்துக் கேட்டால் கேஷ் வீணாகும், தளம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். நிஜத்தில் சில பொருளுக்குக் கூட்டம் குவியும், மற்றவற்றை அங்கொருவர் இங்கொருவர் பார்ப்பார்கள். அந்தச் சாய்வையும் லாக்கிலிருந்தே எடுங்கள்.

பெரிய செர்வர் வாங்கிவிட்டால் போதாதா?

சில நேரம் போதும். சில நேரம் பணம்தான் போகும். மீதமுள்ள டிக்கெட் எண்ணிக்கை டேட்டாபேசில் ஒரே வரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொருவர் வாங்கும்போதும் அந்த வரி பூட்டப்பட்டு, குறைக்கப்பட்டு, திறக்கப்படுகிறது. பூட்டு 50 மில்லி நொடி நீடித்தால் நொடிக்கு 20 விற்பனைக்கு மேல் முடியாது. பத்து வெப் செர்வர் சேர்த்தாலும் அதே 20தான். பூட்டைப் பிடித்துக்கொண்டே கட்டணத் தளத்திடம் பேசுகிற கோட் இருந்தால், அந்தப் பேச்சுக்கு 2 நொடி ஆனால், இரண்டு நொடிக்கு ஒரு டிக்கெட்! வெளியே பேசுவதைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவருவதுதான் தீர்வு, அதற்கு ரிங்கிட் செலவில்லை.

லாகின் இன்னொரு பொறி. கடவுச்சொல் சரிபார்ப்பு வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்டது. ஒன்றுக்குக் கால் நொடி சிபியு என்றால், நொடிக்கு 20 பேர் லாகின் செய்யும்போது அதற்கே 5 சிபியு கோர் முழுதாகப் போகும். லாகின் ஆனதற்கு அடையாளமான ஒரே டோக்கனை எல்லாப் போலிப் பயனர்களுக்கும் கொடுத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம், மாற்றாமல் விட்ட அமைப்புகள். டேட்டாபேஸ் மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல் தானாக அனுமதிக்கும் இணைப்புகள் 151, போஸ்ட்கிரெஸ்கியூஎல் 100. செர்வரின் சிபியு பாதிகூட எரியாமல் தளம் நின்றுபோனால் இங்கேதான் முதலில் பாருங்கள்.

எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கி வழி) கட்டணத்தையும் சேர்த்து ஓட்டலாமா?

உங்கள் தளத்தைத்தான் சோதிக்கிறீர்கள், வங்கியை அல்ல. கட்டணத் தளம், எஸ்எம்எஸ் ஓடிபி, மின்னஞ்சல் மூன்றுக்கும் போலிப் பதில் தரும் ஒரு சின்னச் சேவையை எழுதி அங்கே திருப்பிவிடுங்கள். அது உடனே 'சரி' என்று சொல்லிவிடக் கூடாது. வங்கிப் பக்கத்துக்குப் போய், கடவுச்சொல் தட்டி, செயலியில் ஒப்புதல் கொடுத்துத் திரும்ப ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆகும். ஒரு பங்கினர் திரும்பவே மாட்டார்கள், அவர்கள் பிடித்த இருக்கை கெடு முடியும்வரை பூட்டிக் கிடக்கும். எஃப்பிஎக்ஸ் முடிவு வாங்குபவரின் பிரௌசர் வழியாகவும் வரும், செர்வருக்கு நேராகவும் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரே ரசீதுதான் போகிறதா என்பதைப் போலிச் சேவையை வைத்தே பார்த்துவிடலாம்.

என் லேப்டாப்பிலிருந்தே ஓட்டினால் என்ன?

சின்ன அளவுக்கு ஓட்டலாம். பெரிய அளவில் லேப்டாப்தான் முதலில் திணறும், நீங்கள் தளத்தைக் குறை சொல்வீர்கள். லினக்சில் ஒரு முகவரியிலிருந்து ஒரே இலக்குக்குக் கிடைக்கும் போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்), மாற்றாமல் விட்டால், சுமார் 28,000. முடிந்த இணைப்பும் ஒரு நிமிடம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே சில மெஷின்களை வாடகைக்கு எடுத்து, அவற்றின் சிபியுவையும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

ஒரே முகவரியிலிருந்து அடிப்பதால் தளத்தின் பாதுகாப்புச் சுவர் உங்களைத் தடுக்கவும் கூடும். அதைத் தளர்த்துவதற்கு முன் யோசியுங்கள். கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைக்கின்றன. 'ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கை' என்று விதி வைத்திருந்தால் விற்பனை நாளில் தடுக்கப்படுவது ஈப்போவிலும் பட்டர்வொர்த்திலும் கைபேசியோடு காத்திருக்கும் உண்மையான வாடிக்கையாளர்களாக இருக்கலாம்.

லைவ் தளத்திலேயே செய்யலாமா?

நள்ளிரவுக்குப் பின், எல்லாருக்கும் சொல்லிவிட்டு, நிறுத்தும் பட்டனில் கை வைத்துக்கொண்டு செய்யலாம். தனிச் சோதனைத் தளம் சின்னதாக இருந்தால் அதன் முடிவை இரண்டால் பெருக்கி லைவுக்குச் சொல்ல முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் பக்கத்துக் கடையின் தளமும் சேர்ந்து படுக்கும். அடுத்தவர் தளத்தில் கைவைக்கவே வேண்டாம், 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் விளையாட்டல்ல.

ஸ்ட்ரெஸ், ஸ்பைக், சோக் எல்லாம் வேறு வேறா?

ஸ்ட்ரெஸ் என்றால் உடையும்வரை ஏற்றுவது. ஸ்பைக் என்றால் திடீரென ஏற்றுவது. சோக் என்றால் மணிக்கணக்கில் ஓடவிட்டு மெமரி கசிகிறதா, டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது. டிக்கெட் தளத்துக்கு ஸ்பைக் கட்டாயம்.

ஆட்டோ ஸ்கேலிங் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

கூட்டம் கூடும்போது தானாக மெஷின்களைச் சேர்க்கும் வசதி அது. ஆனால் புது மெஷின் எழுந்து வேலைக்கு வர நிமிடங்கள் ஆகும். உங்கள் கூட்டம் முதல் நிமிடத்தில் வந்துவிடுகிறது. தெரிந்த நேரத்துக் கூட்டத்துக்கு 11:30க்கே மெஷின்களை ஏற்றிவைப்பது மலிவான வழி.

முதலாளியிடம் முடிவை எப்படிச் சொல்வது?

சராசரியைச் சொல்லாதீர்கள். 100 பேரில் 95 பேருக்கு எத்தனை நொடிக்குள் பதில் கிடைத்தது, 99 பேருக்கு எத்தனை நொடிக்குள் என்று சொல்லுங்கள். பிழை விகிதத்தையும் சேருங்கள். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற குறியீட்டைக் கொடுத்துவிட்டு 'மன்னிக்கவும், பிறகு முயலவும்' என்று காட்டும் பக்கமும் பிழைதான். அது வேகமாக வேறு வருவதால் அறிக்கையை அழகாக்கிவிடும். பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் பார்க்கட்டும்.

முதலாளிக்குப் புரிவது நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்பதும், ஒரு இருக்கை இரண்டு பேருக்குப் போனதா என்பதும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டேட்டாபேசில் விற்ற இருக்கைகளையும் ரசீதுகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். வேகமாக ஓடி, ஒரே இருக்கையை இருவருக்கு விற்ற தளத்தைவிட மெதுவான தளம் மேல்.

விற்பனைக்கு எத்தனை நாள் முன்பு தொடங்குவது?

முதல் ஓட்டத்தை மூன்று வாரம் முன்பாவது வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டேட்டாபேஸ் பூட்டு மாதிரியான கோளாறு கிளம்பினால் தளத்தின் கோட் பகுதியைத் திருத்தி எழுத நேரம் வேண்டும். திருத்தியபின் அதே ஸ்கிரிப்டை, அதே அளவு தரவோடு மறுபடி ஓட்டுங்கள்; தளத்தையும் டெஸ்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. கடைசி ஓட்டம் புதன்கிழமைக்குள் முடியட்டும். வியாழனிலிருந்து சனி நண்பகல்வரை தளத்தில் யாரும் எதையும் மாற்றக் கூடாது, விளம்பரப் படத்தைக்கூட. எட்டு எம்பி படத்தை முகப்பில் ஏற்றுகிறவர் எப்போதும் வெள்ளிக்கிழமை மாலைதான் வருவார்.